மைக்கில் சொன்ன சாட்சி

எங்கள் காலனியில் மைக்கைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். நின்று, தொண்டையைச் செருமி, "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சபையில் ஞாயிறுதோறும் மைக் கைமாறும். யார் கைக்கு வருகிறதோ அவர் சாட்சி சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வந்தாள், எல்லாமே சாட்சிதான். அதைச் சொல்கிற தமிழும் தனி. வாரமெல்லாம் "இன்னாடா, நாஷ்டா துன்னியா?" என்று கேட்கிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை "கர்த்தருடைய பெரிதான கிருபையினாலே காலை ஆகாரம் புசித்தேன்" என்பான்.

இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும், வீட்டுப் பேச்சைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அதன் தலையில் பஞ்சு உறை போட்ட சின்ன மைக் ஒன்று இருந்தது. அதுதான் எனக்கு எமன். பக்கத்து வீட்டு கிறிஸ்டினா அக்கா குழாயடியில் சண்டை போட்டால் தெருவே ரசிக்கும். அவ்வளவு ருசியான பேச்சு. அவர் முன்னால் கருவியை வைத்து, "சும்மா பேசுக்கா" என்றேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, "என் சிறுபிராயத்திலே..." என்று தொடங்கிவிட்டார். தேநீர்க் கடை வெங்கடேசன் சபைக்கு வருகிறவரில்லை. அவராவது ஒழுங்காகப் பேசுவார் என்று போனால், "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று கும்பிட்டார். சரிதான், தலையெழுத்து என்று நானும் கேட்டுக்கொண்டே பதிவு செய்தேன்.

நான் சென்னையில் மொழியியலில் ஆராய்ச்சி செய்கிறேன். என் பெயர் ஏஞ்சல். என்ன படிக்கிறேன் என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்ற கவலை அம்மாவுக்கு மட்டும் உண்டு. அம்மா மேரி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது பிடித்துக்கொண்டாள்.

"இன்னாதான்டி படிக்கிற? லைன்ல கேக்குறாளுங்க. எனக்கு வாய்ல வரமாட்டுது."

"நாம ஊட்ல எப்டிப் பேசறோமோ அத்தத்தான்மா."

"அதுக்கா இத்தினி வருசம்? என்னக் கேட்டா ஒரு நாள்ல சொல்லிருப்பனே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்வர்ட் என்று பெயர். முப்பது வருடமாகச் சிப்காட்டில் இந்த மில், அந்த மில் என்று இரும்போடு காலம் தள்ளுகிறவர். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"நைனா வேல செய்ற கம்பெனில எல்லாம் மூணு போர்டு மாட்டிருப்பாங்க தெரியுமாம்மா? பாதுகாப்பு, தரம், உற்பத்தி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே மூணுதான். ஆனா எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரியா கீது?"

"எங்க? ஒண்ணு சொர்க்கம், ஒண்ணு நரகம்."

"ஏன்? போர்டு ஒண்ணுதான். அதுல எது மொதல்ல, எது அப்பாலன்ற வரிசதான் வேற. ரெண்டு போர்டு மோதிக்கும்போது எது ஜெயிக்குதுன்றதுதான் கம்பெனி. மேல இருக்கிற போர்டு ஒண்ணு சொல்லிச்சின்னா கீய இருக்கிற அத்தினியும் சேந்து கத்துனாலும் நடக்காது. வாயும் அப்டித்தான். உள்ளத உள்ளபடி சொல்லுன்னு ஒரு போர்டு. வாய்க்கு சிரமம் குடுக்காதன்னு ஒரு போர்டு. மொத போர்டு மேல இருந்தா 'வீடு'. ரெண்டாவது மேல ஏறினா 'ஊடு'. வரிச மாறினா பேச்சு மாறும். எப்டியெல்லாம் மாறலாம், எப்டி மாறவே முடியாது, அதான் என் படிப்பு."

அம்மா, "தோ, இத்தச் சொன்னா புரிது" என்றாள். அப்பா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மாசக் கடைசில போர்டு தானா மாறிக்கும் பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சோறு பாதி அப்படியே இருந்தது.

என் வழிகாட்டி பேராசிரியர் கமலவல்லி. திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். பதிவுகளை அவர் காதில் போட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது? நான் கேட்டது பேச்சு. நீ கொண்டு வந்திருக்கிறது பிரசங்கம். இதுல ஊடு எங்கே? விழுந்ததுக்கு உயுந்தது எங்கே? ஒருத்தர் பாக்கியில்லாம வேதாகமத்தை ஒப்பிக்கிறாளே!"

"மைக்க மறைச்சு வெச்சுப் பதிவு பண்ணலாம்னா, தெரியாமப் பண்றது தப்பு மேடம். சம்மதம் வாங்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்தான். ஆனா உனக்குக் கடைசி நீட்டிப்பு இதுதான். இந்த வருஷத்துக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கலேன்னா உன் ரெஜிஸ்ட்ரேஷனையே ரத்து பண்ணிடுவா. வேற தலைப்பும் இனிமே மாத்த முடியாது. யோசிச்சிக்கோ."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் இல்லை. என் ஜனங்கள்மேல், அந்தப் பஞ்சு உறை மைக்மேல், என்மேலேயே. ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை காலியாக இருக்கிறது என்று சபையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்துவிடலாமா என்று சென்ட்ரலில் ரயில் ஏறுகிறவரை நினைத்தேன். ஏறி உட்கார்ந்ததும் அந்த நினைப்பின்மேலேயே எரிச்சல் வந்தது. பாதிக் கிணறு தாண்டுகிறவள் இல்லை நான். அழிப்பதாக இருந்தாலும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு அழிப்போம் என்று காதில் மாட்டிக்கொண்டேன்.

மீஞ்சூர் தாண்டியிருக்கும். கிறிஸ்டினா அக்காவின் சாட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகன் காணாமல் போய்த் திரும்பிய கதை. தொடக்கத்தில் "அவன் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்றான்" என்றார். பையனைத் தேடி ஆரணிக்கு அலைந்ததைச் சொல்லும்போது "வீட்லேருந்து போனான்" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த இடம் வந்தது. குரல் ஏறியது. "ஊட்லேந்து போனவன் ஊடு திரும்பலையே சார்னு அழுவுறேன்!"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபடி ஓட்டினேன். வீட்டிலிருந்து, வீட்லேருந்து, ஊட்லேந்து.

மனசு பொங்கப் பொங்க சாட்சித் தமிழ் கரைகிறது. கரைவது பெரிய சங்கதி இல்லை, யாருக்கும் கரையும். ஆனால் அது கண்டபடி கரையவில்லை. முதலில் சொல்லின் வாலான 'இலிருந்து' கரைகிறது. தலையான 'வீ' கடைசிவரைக்கும் நிற்கிறது. 'ஊட்டிலிருந்து' என்று, தலை போய் வால் மட்டும் வேதாகமத் தமிழில் நிற்கிற மாதிரி, அவர் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை.

பொன்னேரிக்குள் இன்னும் இரண்டு பேரின் சாட்சியைக் கேட்டேன். அதே வரிசை. கவரைப்பேட்டை வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மாற்றாதே என்று சொல்கிற கட்டுப்பாடு, அம்மாவிடம் நான் சொன்ன போர்டு, நம் வாய்க்குள் ஒன்றாக இல்லை. சொல் முழுவதையும் காப்பாற்று என்று பொதுவாக ஒன்று. வேரைக் காப்பாற்று என்று அதற்கு மேல் ஒன்று. சொல்லின் தலையிலுள்ள எழுத்தைக் காப்பாற்று என்று இன்னும் ஒன்று. வாலை மட்டும் காப்பாற்று என்று தனியாக ஒன்று கிடையாது. ஆகையால் வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் சரி, தலை போய் வால் நிற்கும் பேச்சு பிறக்காது. வால் போகும், நடு எழுத்தான வயிறு போகும், தலை கடைசியில் போகும். நாங்கள் பேசுவதைக் கொச்சை, கூவம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்குள் இத்தனை ஒழுங்கு இருந்தது. குப்பை என்று தூக்கிப்போட இருந்த பதிவுகள் மட்டுமே அதைக் காட்டக்கூடியவை. வீட்டுப் பேச்சை மட்டும் பதிவு செய்திருந்தால் மலையின் அடிவாரம் மட்டும்தான் தெரிந்திருக்கும். இப்போது இறங்குகிற படியெல்லாம் தெரிந்தது.

கமலவல்லி மேடம் மறுநாள் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். அப்புறம், "எங்க அப்பா கோயில்ல பாசுரம் சேவிக்கும்போது ஒரு எழுத்து பிசகாது. வாசல்படி தாண்டினதும் 'ஆத்துக்கு வாடீ' தான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பழைய ஆள் ஆகிவிட்டார்.

"ஆனா ஒண்ணு கவனிச்சியோ? ஒருத்தர் வாலையும் தலையையும் இழக்கிறார், வயிறு மாறலை; இன்னொருத்தர் வாலையும் வயித்தையும் இழக்கிறார், தலை மாறலை. நீயா சேத்து வெச்சு மாலை கட்டறேன்னு கேப்பா. ஒரே ஆள், ஒரே சொல், எல்லாப் படியும் இறங்கணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

இருந்தது. என் அப்பாவின் பதிவு.

கருவியை ஓடவிட்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதால், அதை அதுவரை முழுதாகக் கேட்டதில்லை. அப்பாவின் சாட்சி சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மில்லில் கூட வேலை பார்த்த ஜெபா என்பவர் கிரேன் மேடையிலிருந்து விழுந்து இறந்துபோனார். கீழே நின்ற அப்பா மயிரிழையில் தப்பினார். கர்த்தர் காத்தார். அதுதான் சாட்சி. சபையில் சொல்லும்போது அப்பா ஜெபாவை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவார். என் கருவிக்கு முன்னால் அவசரப்படுத்த யாருமில்லாததால் நிறைய நேரம் ஜெபாவிடமே நின்றிருந்தார். 'விழுந்துவிட்டான்' என்று தொடங்கியது. அடுத்து 'விழுந்துட்டான்'. அதன்பின் 'வியுந்துட்டான்'. கடைசியாக, குரல் உடைந்து, 'உயுந்துட்டான்'. வால், வயிறு, தலை. ஒரே ஆள், ஒரே சொல்.

சந்தோஷத்தில் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுவிட்டேன். அப்பா ஷிப்ட் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தன் குரலையே கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அத்த அழிச்சிடு பாப்பா."

"நைனா, இதான் எனக்கு வேணும். இது ஒண்ணு போதும், என் படிப்பு ஜெயிச்சிடும்."

"மைக்கு முன்னாடி நான் தப்பாப் பேசிக்கீறேன். அத்தப் போயி படிச்சவங்க முன்னாடி போட்டுக் காட்டுவியா?"

"தப்பு இல்ல நைனா. ஒயுங்கா, வரிசையா..."

"தப்பு!" அவர் என்னிடம் அப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு மாசக் கடைசி. மேல கிரேன் செயின் மாட்டிக்கிச்சி. சேப்டி பெல்ட் எட்த்தாற ஆள் போனா நேரம் ஆவும்னு சூப்பர்வைசரு ஜெபாவ அப்டியே ஏத்துனாரு. ஏறுனான். உயுந்தான். விசாரணைக்கு ஒரு ஆபீசரு வந்தாரு. என்னிய கூப்ட்டாங்க. நான் பாத்தத பாத்த மாரி சொன்னேன். பெல்ட் குடுக்கல சார், ஏறுன்னாங்க, உயுந்துட்டான்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. 'உயுந்துட்டானா? மொதல்ல வாய்ல தமிழ் நுழையட்டும், அப்புறம் சாட்சி சொல்லலாம்'னாரு. பக்கத்துல இருந்தவனுங்கோ எல்லாம் சிரிச்சானுங்கோ. பேனாவ மூடிட்டாரு. நான் சொன்னத எழுதிக்கல பாப்பா. ஜெபா தானா ஏறுனான், அஜாக்கிரதன்னு முட்ச்சிட்டாங்க. அவன் பொண்டாட்டி கைல ஒண்ணும் வரல."

அதன் பிறகுதான் அப்பா வேதாகமத்தைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாராம். மைக்கில் ஒரு சொல் சறுக்காமல் பேசுவது அப்படி வந்தது. சபையில் எல்லோரும் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த அதிகாரியைக் கண்டால் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

அழிக்கவில்லை. ஆனால் சேர்க்கவும் இல்லை. சம்மதம் இல்லாத குரலை எடுக்கிறவள் ஆராய்ச்சி செய்யக்கூடாது. அவர் பேச்சை ஒருவன் எழுதிக்கொள்ளாமல் விட்டான். நான் கேட்காமல் எழுதிக்கொண்டால் அதுவும் அதே ஜாதி வேலைதான். அப்பாவின் பதிவு இல்லாமல், மற்றவர்களுடைய சாட்சிகளை மட்டும் வைத்து இரவு பகல் பாராமல் எழுதி, கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வெளித் தேர்வாளர் பேராசிரியர் வீரராகவன். கறாரானவர் என்று பெயர். அவர் அறிக்கையில் மேடம் சொன்ன அதே கேள்வி இருந்தது. எல்லாப் படிகளையும் இறங்கும் ஒரே பேச்சாளரை ஆய்வாளர் காட்டவில்லை. வாய்மொழித் தேர்வில் இதற்கு விடை தராவிட்டால் முடிவை ஏற்பதற்கில்லை.

"அப்பாவைக் கேளேன்" என்றார் கமலவல்லி மேடம்.

"கேட்டாச்சு மேடம். இல்லேன்னுட்டாரு. மறுபடி கேக்கமாட்டேன்."

"பிடிவாதம்."

"ஆமாம்."

"சரி, நில்லு. நானும் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

வாய்மொழித் தேர்வு யாரும் வந்து பார்க்கலாம் என்கிற பொது நிகழ்ச்சி. சொந்தக்காரர்கள் வருவது வழக்கம். அம்மா வருவாள் என்று தெரியும். அவள் பின்னாலேயே அப்பாவும் வந்தார். சபைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, முழுக்கையில் பித்தான் போட்டிருந்தார். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் பேசினேன். கட்டம் போட்டு, மேலே கட்டுப்பாடுகளை வரிசைப்படுத்தி, எந்த வடிவம் எங்கே தோற்கிறது என்று காட்டினேன். வரிசையை எத்தனை விதமாக மாற்றிப் போட்டாலும் 'ஊட்டிலிருந்து' ஒவ்வொரு முறையும் தோற்பதைக் காட்டினேன். அப்புறம் வீரராகவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா பண்ணியிருக்கேம்மா. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. ஒருத்தர் வாயில மொத்த இறக்கத்தையும் காட்டு."

"ஒரு பதிவு இருக்கு சார். பேசினவர் சம்மதம் தரலை. அதனால போட மாட்டேன்."

"கேட்காததை நான் எப்படி ஒத்துக்கறது?"

"ஒத்துக்க வேண்டாம் சார். ஆனா நான் போட மாட்டேன்."

கமலவல்லி மேடம் குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். என் இத்தனை வருடமும் அந்த மேசைமேல் கிடந்தது. எடுத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவும் தோன்றவில்லை.

துறைத் தலைவர் சங்கடத்தைத் தீர்க்கிற மாதிரி வழக்கமான வரியைச் சொன்னார்: "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம்." சும்மா சொல்கிற வரி. யாரும் கேட்கமாட்டார்கள். உதவியாளர் மைக்கை எடுத்துக்கொண்டு நடுவழியில் நின்றார்.

கடைசி வரிசையில் அப்பா எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஸ்தோத்திரம்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சபையிலே கூடியிருக்கிற பெரியோர்களுக்கு என் வந்தனம். நான் எட்வர்ட். இந்தப் பிள்ளையின் தகப்பன். எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் வேலைசெய்த இடத்திலே ஜெபா என்னும் சகோதரன் இருந்தான். ஒருநாள் அவன் மேலேயிருந்து விழுந்துவிட்டான்."

நிறுத்தினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சபையில் இந்த இடத்தில்தான் கர்த்தர் காத்தார் என்று தாண்டிப் போவார். இன்று தாண்டவில்லை.

"பெல்ட் இல்லாமல் ஏற்றினார்கள். நான் கீழே நின்றிருந்தேன். ஜெபா விழுந்துட்டான் என்று கத்தினேன். மிஷினை நிறுத்தச் சொல்லி ஓடினேன். வியுந்துட்டான், நிறுத்துங்கன்னு ஓடுனேன். நிறுத்தல. மாசக் கடைசி. லோடு போவணும். பாதுகாப்பு போர்டுக்குக் கீயதான் அவன் கெடந்தான். நான் போயி தூக்குனேன். மூச்சி இல்ல. விசாரணைக்கு வந்தவங்க கேட்டாங்க. சொன்னேன். உயுந்துட்டான் சார், ஜெபா உயுந்துட்டான், தானா ஏறல, ஏத்துனாங்கன்னு சொன்னேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்பாவுக்குத் தான் எந்தத் தமிழில் பேசுகிறோம் என்பது அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் அதைப் பார்த்தேன். திருத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் திருத்தவில்லை. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இப்டித்தான் சார் அன்னிக்கும் சொன்னேன். அவங்க எழுதிக்கல. எம் பொண்ணு எழுதிக்கிறேன்னா, நான்தான் வேணாம்னேன். இப்ப சொல்றேன், அந்த ரெக்கார்டிங்க போட்டுக்கட்டும்." மேடைப் பக்கம் பார்த்தார். வீரராகவன் கையில் பேனா இருந்தது. "நீங்க எழுதிக்கினீங்களா சார்?"

வீரராகவன் தாளைப் பார்த்தார். "எழுதிக்கிட்டேங்க."

"படிங்க சார்."

துறைத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீரராகவன் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தார்.

"ஜெபா உயுந்துட்டான். தானா ஏறல. ஏத்துனாங்க."

"ஆமா சார்" என்றார் அப்பா. "அதான்."

அவர் உட்கார்ந்தார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. வீரராகவன் என் பக்கம் திரும்பி, "எனக்கு வேற கேள்வி இல்லம்மா" என்றார். கமலவல்லி மேடம்தான் முதலில் கைதட்டினார். உதவியாளர் மைக்கை வாங்கக் கடைசி வரிசைக்குப் போனார். அப்பா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்க மனமில்லாமல் உதவியாளர் திரும்பி வந்துவிட்டார்.